ஏழு முகமும் ஒரு தட்டுக் காபியும்

சாமிக்கு முன்னால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் ஒரு ரகம். காபிக்கு முன்னால் ஒற்றைக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவில் உள்ள விஷயம். இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. நாலு பேராகக் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள், காபி வரும், கை தானாக நீளும், அந்த நேரம் பார்த்து, "இருங்க, இருங்க, யாரும் தொடாதீங்க!" என்று ஒரு குரல், கோப்பைக்குள் தேள் கிடக்கிற மாதிரி அலறும். நீங்கள் கையை இழுத்துக்கொள்வீர்கள். குரலுக்குச் சொந்தக்காரர் எழுந்து, கோப்பையின் காதை வலப்பக்கம் திருப்பி, திருப்தியில்லாமல் இடப்பக்கம் திருப்பி, சர்க்கரைக் கிண்ணத்தை அப்புறப்படுத்தி, கூடவே உங்கள் முழங்கையையும் அப்புறப்படுத்தி, பக்கத்து மேஜைக்காரரிடம் அவருடைய மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிவந்து காபிக்குப் பக்கத்தில் வைத்து, தாம் ஒருநாளும் படிக்காத தடிப் புத்தகம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நடுப்பக்கத்தில் விரித்துவிட்டு, நாற்காலிமேல் ஏறுவார். ஏறி? குனிவார். குனிந்து? மூச்சை அடக்குவார். அவர் இறங்கி வருவதற்குள் காபி ஆறி ஆடை கட்டியிருக்கும். கண்ணாடியைக் கொடுத்த புண்ணியவான் வாசல் எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டிருப்பார்.

இவர்கள் படம்பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில்காரர் காபி வந்தால் குடித்துவிடுவார். இவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள். இவர்களுக்குப் பொழுது நன்றாகவே போகிறது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் போகமாட்டேன் என்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர். எந்த மாடியில் பெட்டி நின்றாலும், சத்தத்தை வைத்தே கயிறா, கதவா, மோட்டாரா என்று கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஓர் அம்மாள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். மெக்கானிக் வந்து கதவை ஒரு சாண் திறந்தார். திறந்தவர் நிறுத்திவிட்டார். "அப்படியே நில்லுங்கம்மா, அசையாதீங்க" என்றார். அந்த அம்மாளும் ஏதோ ஆபத்து என்று நினைத்து ஆண்டவனைக் கூப்பிட்டபடி அசையாமல் நின்றார். கதவிடுக்கு வழியே ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே தரையில் விழுந்திருந்ததாம். அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் கதவை முழுசாகத் திறந்தார். வெளியே வந்த அம்மாள் சொன்னதை இங்கே எழுத முடியாது. படத்துக்கு மெக்கானிக் வைத்த பெயர், 'விடுதலை'.

மெக்கானிக்கின் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. 'ஒளியும் கோப்பையும்' என்று பெயர். முப்பத்தோரு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். நோயாளி வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்க, ஜன்னல் ஓரமாகப் பிளாஸ்டர் பல்செட்டுக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்துக் கோணம் பார்க்கிறவர். காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை குழுவில் அவரவர் காபிப் படம் வந்து விழும். விழுந்ததும் பாராட்டு விழும்.

"ஆவி பேசுது சார்."

"எனக்கும் கேட்டுச்சு சார்."

"பின்னால இருக்கற மங்கல், அடடா, வெண்ணெய் மாதிரி கரைஞ்சிருக்கு."

இங்கே யாரும் யாருடைய படத்தையும் மோசம் என்று சொல்வதில்லை. அதைப் பெரிய மனுஷத்தனம் என்று நினைக்காதீர்கள், அதற்கென்று தனி பாஷை உண்டு. 'வித்தியாசமான முயற்சி' என்று எழுதினால் படம் சுமார் என்று பொருள். 'நானா இருந்தா ஒரு அடி தள்ளி நின்னிருப்பேன்' என்று எழுதினால், எடுத்தவர் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். ஒன்றுமே எழுதாமல் விட்டால்? காய்ச்சல்தான்.

படத்தோடு நிறுத்தினால் பரவாயில்லை. ருசியைப் பற்றியும் எழுதுவார்கள். முதல் வாய்க் காபி நாக்கில் படும்போது எப்படி ஒரு கசப்பு கதவைத் தட்டுகிறது, அதற்குப் பின்னாலிருந்து எப்படி ஓர் இனிப்பு எட்டிப் பார்க்கிறது என்று மெக்கானிக் கட்டைவிரல் வலிக்க வலிக்க எழுதுவார். எழுதி அனுப்பிவிட்டு, குளத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றிருக்கும் காபியை எடுத்து, விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவார். மூன்று வருஷமாக அவர் சூடாகக் காபி குடித்ததை அவர் மனைவி பார்த்ததில்லை.

அந்த மனைவியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. மெக்கானிக் தானாக நடுவில் வந்து நின்றுகொண்டார். அவர் பழக்கம் அப்படி.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். காலையில் கணவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கிறவள். இப்போது இரண்டு காபி போடுகிறதில்லை, மூன்று. ஒன்று குடிக்க, ஒன்று படத்துக்கு, இன்னொன்று படத்துக்கு வைத்தது ஆறிப்போனால் மாற்றிவைக்க. நுரை அடங்கிவிடுகிறது என்று மெக்கானிக் ஒருநாள் படத்துக் காபியில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கலக்கிவைத்திருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி, பாவம், வழியில் இருந்ததை எடுத்துக் குடித்துவிட்டான்.

"அக்கா, என்னக்கா காபி இது? வாய் எல்லாம் பொங்குது!"

மெக்கானிக் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயையோ, குடிச்சிட்டியா!"

"இல்ல மாமா, ஒண்ணும் ஆகல, கொப்புளிச்சிட்டேன்."

"அதில்லடா. நான் இன்னும் எடுத்து முடிக்கலையே!"

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள். குடிக்கிறார், சீட்டாடுகிறார், சண்டை போடுகிறார் என்று அடுத்தவீட்டுக்காரிகள் புலம்பும்போது, 'நம்ம வீட்டுக்காரர் காபிக்குத்தானே படம் எடுக்கறார்' என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னவள் அவள். அவள் அவரிடம் தனக்கென்று ஒன்று கேட்டது ஒரே ஒரு தடவை.

சலவைப் பிரிவில் அவளோடு சேர்த்து ஏழு பெண்கள். நோயாளிகளின் போர்வை, டாக்டர்களின் அங்கி, ஆபரேஷன் அறைத் துணி என்று மலைமலையாக வருவதை வெளுத்து, உலர்த்தி, நீராவி உருளையில் கொடுத்துத் தேய்த்து, மடித்து அடுக்குகிறவர்கள். ஒரு போர்வைக்கு இரண்டு பேர். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மறுபடி பின்னால் போவார்கள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை ஒருத்தி முகத்தை ஒருத்தி அப்படிக் கிட்டத்தில் பார்த்திருப்பாள்! ஆனால் ஏழு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரி என்பதால் அங்கே கைப்பேசியும் கேமராவும் கூடாது. வரும்போதே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

அவளுக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. மேற்பார்வை அம்மாவிடம் மூன்று முறை போய் நின்று, கடைசி நாளன்று மட்டும் படம் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டாள். பத்தரையிலிருந்து பதினொன்று வரை. அரை மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது.

"ஒரே ஒரு படம்ங்க" என்றாள் வீட்டில். "நாங்க ஏழு பேரும் வரிசையா நிக்கணும். எல்லார் மூஞ்சியும் தெரியணும். கூடத்துல மாட்டி வெச்சுக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மூஞ்சி தெரியணும்னா, எப்படித் தெரியணும்?"

"மூஞ்சி மாதிரித் தெரியணும்."

"அது சாதாரணமா இருக்குமே."

"சாதாரணமாவே இருக்கட்டும்ங்க. நாங்க சாதாரணமானவங்கதானே."

மெக்கானிக் வாக்குக் கொடுத்தார். வாக்கில் குறை வைக்கவும் இல்லை. ஒரு நாள் லீவு போட்டார். மூன்று லென்ஸ், முக்காலி, வெளிச்சத்தைத் திருப்புகிற வெள்ளித்தாள் வட்டம் என்று கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு சரியாகப் பத்தரைக்குச் சலவைப் பிரிவின் வாசலில் வந்து நின்றார்.

உள்ளே ஏழு பேரும் தயாராக இருந்தார்கள். முகம் கழுவி, தலை வாரி, அவரவர் சீருடையை அவரவரே உருளையில் கொடுத்துத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் இருக்க அன்று காலையிலிருந்து உட்காராமலே வேலை பார்த்திருந்தார்கள். அவர்களில் மூத்தவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். பெரியக்கா கண்ணாடியைக் கழற்றுவதா போட்டுக்கொள்வதா என்று காலையிலிருந்து ஆறு பேரிடமும் அபிப்பிராயம் கேட்டு, மூன்றுக்கு மூன்று என்று வந்ததால், கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். போர்வை அடுக்குக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். சிரித்தார்கள்.

அந்த நிமிஷத்தில் பொத்தானை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வரிசையா நிக்காதீங்க" என்றார் மெக்கானிக். "ஸ்கூல் படம் மாதிரி இருக்கு."

"ஸ்கூல்ல எங்கள யாரு தம்பி படம் எடுத்தா?" என்றாள் பெரியக்கா. "இப்ப எடுங்களேன்."

"இல்லம்மா, உயிர் இருக்காது. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"அப்புறம் எதுக்குத் தம்பி வந்தீங்க?"

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மெக்கானிக்கின் மனைவிக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது. "எடுப்பாருக்கா, எடுப்பாரு" என்றாள்.

எடுத்தார். உருளையிலிருந்து புஸ் என்று ஆவி கிளம்பியது, அதை எடுத்தார். உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் ஆவிக்குள் பட்டை பட்டையாக இறங்கியது, அதை எடுத்தார். மடித்த போர்வையின் முனையை எடுத்தார். தள்ளுவண்டியின் சக்கரத்தை எடுத்தார். ஒருத்தியின் விரல் நகத்தை எடுத்தார். "ஏங்க, நாங்க ஏழு பேர்..." என்று அவள் ஆரம்பித்தபோது, "அதைத்தான் கடைசியா எடுக்கறேன், அது ஒரு நிமிஷ வேலை" என்றார். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது.

அப்போதுதான் காபி வந்தது.

அவளை வழியனுப்புவதற்காக அன்று சமையற்கட்டிலிருந்து விசேஷமாக ஏழு காபி அனுப்பியிருந்தார்கள். ஏழு வெள்ளைக் கோப்பை, ஒரு தட்டில். கொண்டுவந்த பெண்ணுக்கு வைக்க இடமில்லாமல், புதிதாக மடித்த வெள்ளைப் போர்வை அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் உருளையின் ஆவி. மேலே ஜன்னல் வெயில். நடுவில் ஏழு கோப்பையிலிருந்தும் மெல்ல மெல்ல எழும்புகிற ஏழு இழை ஆவி.

மெக்கானிக்கின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பார்த்த முகம்தான்.

"யாரும் எடுக்காதீங்க!"

நீண்டிருந்த ஏழு கையும் பின்வாங்கின.

மெக்கானிக் மண்டியிட்டார். பிறகு குப்புறப் படுத்தார். சலவைத் தரை ஈரம். அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. இப்படிப் படுத்து ஆண்டவன் சந்நிதியில் ஒருநாள் கேட்டிருந்தால் வேண்டியதெல்லாம் கிடைத்திருக்கும். "அந்த வெள்ளி வட்டத்தைக் கொஞ்சம் பிடி" என்றார் மனைவியிடம். "இன்னும் தாழ்த்து. இடது பக்கம். ஆங், அப்படியே. அசையாதே."

இருபத்தாறு வருஷம் உழைத்த இடத்தில், தன் கடைசி நாளில், தனக்காக வாங்கிய அரை மணி நேரத்தில், தேய்த்த சீருடையோடு, தன் முகத்தில் விழவேண்டிய வெளிச்சத்தைத் திருப்பி ஏழு காபிக் கோப்பைகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள் அந்த அம்மாள். கை வலித்தது. ஆறு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் கையைவிட அதிகமாக வலித்தது.

பத்து நாற்பத்தைந்துக்கு அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஓய்வு பெறுகிறவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், அட்டை அறைக்கு உடனே வரச்சொல்லி.

"ஏங்க, அட்டையைக் குடுத்துட்டு வந்துடறேன்."

"ம்."

பெரியக்கா அவள் கையிலிருந்து வெள்ளி வட்டத்தை வாங்கித் தள்ளுவண்டியில் சாய்த்துவைத்தாள். "நட. நாங்களும் வர்றோம்" என்றாள். ஏழு பேரும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தரையிலிருந்து, "கொஞ்சம் மேல தூக்கிப் பிடி" என்று தள்ளுவண்டிக்கு ஓர் உத்தரவு போனது.

அட்டை அறை மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு நீலத் துணி, முன்னால் ஒரு ஸ்டூல், எதிரே காலில் நிற்கிற ஒரு பழைய கேமரா, பக்கத்தில் படத்தை அச்சடித்துத் துப்புகிற ஒரு பெட்டி. அங்கே இருக்கிற குமாஸ்தா ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் படம் எடுப்பார். தம்மைப் படக்காரர் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மொத்தமாக அவருக்குத் தெரிந்தது இரண்டு வாக்கியம்: "நேராப் பாருங்க. கண் சிமிட்டாதீங்க."

அவள் அட்டையைக் கொடுத்தாள். அவர் கத்தரியால் ஒரு மூலையை வெட்டினார். வேலை முடிந்தது.

"சார்" என்றாள் பெரியக்கா. "எங்க ஏழு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா. இது அட்டைக்கு எடுக்கற மிஷின். ஒரு ஆளுக்கு ஒரு படம். அதுதான் ரூல்."

"அந்த நீலத் துணிய மாசாமாசம் வெளுத்துத் தேய்ச்சுத் தர்றது யாரு?"

குமாஸ்தா துணியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. கதவையும் ஒருமுறை பார்த்தார். "சீக்கிரம் வாங்க" என்றார்.

ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்தாள். அவள் மடியில் பாதியாக இன்னொருத்தி. பின்னால் மூன்று பேர். இருபுறமும் இரண்டு பேர், பாதி உள்ளே பாதி வெளியே.

"தலை வெட்டுது. இன்னும் நெருங்குங்க."

"இதுக்குமேல நெருங்கினா ஒருத்திக்குள்ள ஒருத்தி போகணும் சார்."

"ஏய், முட்டியை எடுடி, இடுப்புல குத்துது."

"அது என் முட்டி இல்லக்கா, உன் முட்டிதான்."

"கண்ணாடி போடவா, வேண்டாமா?"

"போட்டுத் தொலைக்கா!"

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார் குமாஸ்தா.

"பிடிச்சா வயிறு குறையும் சார். தலை குறையுமா?"

ஏழு பேரும் பொங்கிவிட்டார்கள். "நேராப் பாருங்க" என்றார் குமாஸ்தா. தட்டினார்.

அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒரே அளவுதான். அட்டையில் ஒட்டுகிற அளவு. ஒரு தாளில் எட்டுப் படம். கத்தரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பெருவிரல் அகலம். அதற்குள் ஏழு முகம், மாதுளை முத்து மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துச் சிரித்தபடி. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்று. பெரியக்கா அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இதை உங்க வீட்டுக்காரருக்குக் குடு. மூஞ்சின்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்."

திரும்பி வந்தபோது மணி பதினொன்று. மெக்கானிக் நனைந்த சட்டையோடு எழுந்து நின்று, "பிரமாதம்! வாங்க, வாங்க, இப்ப குரூப் எடுத்துடலாம். எங்க போயிட்டீங்க எல்லாரும்?" என்றார். அவருக்குப் பின்னால் மேற்பார்வை அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நேரம் ஆச்சு. கேமராவை உள்ள வைங்க."

"மேடம், ஒரே ஒரு நிமிஷம்..."

"அரை மணி நேரம் குடுத்தேனே. அதுல ஒரு நிமிஷம் இல்லையா?"

ஏழு பேரும் ஆறிப்போன காபியைக் குடித்தார்கள். பாத்திரம் கழுவ அனுப்பவேண்டுமே.

சாயங்காலம் மெக்கானிக் டி.வி.யில் படங்களைப் போட்டுக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தாள். கோப்பை, கோப்பை, கோப்பை. ஆவி. சக்கரம். நகம். மறுபடியும் கோப்பை. தான் எங்காவது வந்துவிடுவோம் என்று ஒரு நப்பாசை. ஆசையை விட்டவர்கள் யார்? முந்நூறு தாண்டியதும் கேட்டே விட்டாள்.

"நான் எங்கங்க?"

"இதோ இருக்கியே." காபித் தட்டில் கிடந்த ஒரு கரண்டியின் முதுகில் வளைந்து நெளிந்து ஓர் உருவம் தெரிந்தது, புளியங்கொட்டைக்குக் கை முளைத்த மாதிரி. "எப்படி விழுந்திருக்கே பாரு! இதெல்லாம் அமையறதுதான்."

ஏழு கோப்பைப் படம் குழுவுக்குப் போனது. 'பிரியாவிடை' என்று பெயர் வைத்திருந்தார். மூன்று வருஷமாகக் கிடைக்காத 'வாரத்தின் படம்' பட்டம் அன்று கிடைத்தது. 'ஏழு கோப்பையும் ஏழு உயிர் சார்' என்று ஒருவர் எழுதினார். 'மனுஷங்க இல்லாமலே மனுஷங்களைக் காட்டிட்டீங்க' என்று இன்னொருவர். தலைவர் பல் டாக்டர், 'உங்க வீட்டுக்காரம்மா கொடுத்து வெச்சவங்க' என்று எழுதியிருந்தார். மெக்கானிக் அதை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

பிறகுதான் ஞாபகம் வந்தது போலும். குரலைத் தாழ்த்தி, "அந்தக் குரூப் படத்தை இன்னொரு நாள் எடுத்துடறேன்" என்றார்.

"இன்னொரு நாள் எனக்கு அங்க வேலை இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்து அந்த எட்டாவது படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் எடுத்தது இது? வெளிச்சம் தட்டையா இருக்கு. ரெண்டு பக்கமும் தோள் வெட்டுப்பட்டிருக்கு. எல்லாரும் கேமராவை முறைச்சுப் பார்க்கறாங்க."

"கேமரா எங்களைப் பார்த்துச்சு. நாங்க அதைப் பார்த்தோம்."

அவர் சின்னப் பொருளைப் பெரிசாகக் காட்டுகிற லென்ஸைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரிப் படத்தின்மேல் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு முகமாக நகர்த்தினார். நடுவில் மனைவியின் முகம் வந்ததும் கை நின்றது. பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் ஓரம் நனைந்திருந்தது. பக்கத்தில் நெருக்கிய பெரியக்காவின் கண்ணாடிக் கம்பி இவள் காதில் மாட்டியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இப்போது ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். பெரிசாக ஒன்றும் வேண்டாம். ஒரு வார்த்தை.

சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஜன்னல்கிட்ட, காபிக்குப் பின்னால இதை நிக்கவெச்சா எப்படி இருக்கும்?"

மறுநாள் காலை அப்படியே வைத்து எடுத்தார். கோப்பையின் விளிம்பு கத்தி மாதிரித் தெளிவு. நுரையில் ஒவ்வொரு குமிழையும் எண்ணலாம். பின்னால் அந்த ஏழு பேரும் நீலமும் வெள்ளையுமாகக் கரைந்து, பஞ்சுப் பொட்டலம் மாதிரி மிதந்தார்கள். குழு கொண்டாடியது. 'பின்னால ஏதோ நீலமா மங்கலா அழகா இருக்கே, என்ன சார் அது?' என்று கேட்டிருந்தார் ஒருவர்.

மெக்கானிக் பதில் போட்டார்: 'அது ஒண்ணுமில்ல சார், பின்புலம்.'

கைப்பேசி மேஜைமேல் கிடந்தது. அவள் அதைப் படித்தாள். அந்தப் படத்தை ஜன்னலிலிருந்து எடுத்து, கோப்பையின் ஈரம் பட்டிருந்த மூலையை முந்தானையால் ஒற்றி, தன் படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்க் காபி போட்டாள். ஒரே ஒரு காபி. பஸ் பிடிக்க வேண்டிய அவசரம் இனிமேல் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏழு முகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, நாக்குச் சுடச் சுடக் குடித்தாள்.

"எனக்கெங்க?" என்று வந்தார் மெக்கானிக்.

"டப்பாவுல தூள் இருக்கு. பக்கத்துல சோப்பும் இருக்கு. பார்த்துப் போட்டுக்குங்க."

இத்தனையும் படித்துவிட்டு, 'நல்லா வேணும் அந்த மனுஷனுக்கு' என்று சிரிக்கிறீர்கள் இல்லையா? சிரியுங்கள். நீங்கள் காபிக்குப் படம் எடுக்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். ஏதோ எப்போதாவது ஒரு பூ, ஒரு மேகம், கொடியில் காயும் துணிமேல் விழுந்த வெயில் என்று எடுத்து நாலு பேருக்கு அனுப்புவீர்கள், அது வேறு. இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியைத் திறந்து, வீட்டில் உங்களோடு இருக்கிறவர்கள் உங்களை நேராகப் பார்த்துச் சிரிக்கிற படம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். தலை வெட்டியிருந்தாலும் பரவாயில்லை. போன வருஷத்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

அவசரமில்லை, மேலே தள்ளித் தள்ளித் தேடுங்கள். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.